காற்றுத் தலத்தில் ஏர் வாங்கிய வண்டி

பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊர் காற்றுக்கு உரியது. கருவறையில் காற்று நுழைய வழியே இல்லாத இடத்தில் ஒரு விளக்கின் சுடர் மட்டும் ஓயாமல் ஆடுவதை வெளியூர்க்காரர்கள் கண் விரியப் பார்ப்பார்கள். காளஹஸ்தியில் வளர்ந்த எங்களுக்கு அது பெரிய அதிசயமாகத் தோன்றியதில்லை. அதைவிடப் பெரிய ஆட்டம் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் டீசல் பிக்கப்பை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், எஞ்சின் தானாக ஏறும், தானாக இறங்கும், இதோ அணைந்தது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். தெருவில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் பழகிப் போயிருந்தது. நின்றுவிட்டால்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நம்பர் பிளேட்டில் ஏபி 03 என்று இருந்தால் சித்தூர் மாவட்டத்து வண்டி. இப்போது ஆந்திரா முழுக்க ஏபி 39, 40 என்று போய்விட்டது. எந்த ஊர் வண்டி என்று பிளேட் சொல்லாது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி மாவட்டங்களைப் பிரித்தபோது நாங்களும் எங்கள் வண்டியும் நின்ற இடத்தைவிட்டு நகராமலேயே திருப்பதி மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பாவின் அந்தப் பழைய வண்டி பழுதில்லாமல் முடித்திருக்கக்கூடிய பயணம் அது ஒன்றுதான். பாவம், அதற்குள் காயலான் கடைக்குப் போய்விட்டது.

அப்பா வருஷத்தில் பாதி நாள் நெல், வேர்க்கடலை மூட்டை ஏற்றுவார். மே, ஜூன் வந்தால் மாங்காய். சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஃபேக்டரிகளுக்குக் கிளிமூக்கு மாங்காய் போகும் காலம். ஆர்.சி. புத்தகத்தின்படி வண்டியின் பாரம் ஒரு டன். அது ஆர்.சி. புத்தகத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஐடில் ஆட்டத்துக்கு ஊரில் பல வைத்தியங்கள் இருந்தன. காளஹஸ்தியில் ராகு கேது பூஜைக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜனம் வருகிறது. உள்ளூர்க்காரன் வண்டிக்கு ஒரு பூஜை போடக்கூடாதா என்றார் அரிசி மண்டிக்காரர். அப்பா போட்டார். திரும்பி வரும்போது சன்னிதித் தெருவிலேயே வண்டி நின்றது. பிறகுதான் மேஸ்திரியிடம் போனார்.

மேஸ்திரியின் ஷெட் பொன்முகலியாற்றுப் பக்கம், ஒரு புளிய மரத்தடியில். இப்போதெல்லாம் ஆற்றை எல்லாரும் சுவர்ணமுகி என்றே சொல்கிறார்கள். ஷெட் என்றால் நாலு தகரம், ஒரு செயின் பிளாக், எண்ணெய் குடித்துக் கறுத்த மண். தெலுங்கில் யோசித்துத் தமிழில் பேசுகிற மனிதர் அவர். வண்டியை அணைக்க விடமாட்டார். பானெட்டைத் திறக்கவும் மாட்டார். பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் புகையைப் பார்த்தபடி நிற்பார்.

"வெள்ளையாவும் இல்ல, நீலமாவும் இல்லண்ணா. அப்போ உள்ள ஒண்ணும் போகல."

வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். நாசில் ஒழுகுகிறது அல்லது கம்ப்ரெஷன் இல்லை. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் வரைக்கும் செலவு. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. இந்த மூன்று நிறத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் அவர் கை ஸ்பேனரைத் தொடும். பிறகு நாசிலுக்குப் போகும் பைப்புகளின் யூனியன் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார். டீசல் வெளியே கசிய, அந்த சிலிண்டர் வேலையை நிறுத்தும். எஞ்சின் சத்தம் தடுமாறும். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் முன்பே சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் நாலுமே தடுமாறின. நாலு பேரும் வேலை செய்கிறார்கள். ஆக, குற்றம் எஞ்சினில் இல்லை, எஞ்சினுக்கு வரும் வழியில்.

அடுத்து அவர் செய்தது எனக்கு இன்றுவரை பிடித்த பரிசோதனை. ஒரு ஐந்து லிட்டர் டப்பாவில் டீசல் ஊற்றிக் கண்ணாடிப் பக்கம் கட்டித் தொங்கவிட்டார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டப்பாவிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஒரு டியூப். கையால் பம்ப் அடித்து ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஒரே சுருதியில் நின்றது. அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது.

"ஏர் வாங்குதுண்ணா. டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல."

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே உள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே ஊசிமுனை ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ஈரமே தெரியாத ஒழுகல். எவ்வளவு துடைத்து எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாது. டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று போய்ச் சேர, கவர்னர் டீசலைக் கூட்டும், குமிழ் தாண்டியதும் சுற்று எகிறும், கவர்னர் குறைக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் வாசலில் நாங்கள் கேட்ட பாட்டு. வெடித்துப்போன ஒரு ரப்பர் டியூபை மாற்றினார். விலை ஒரு மீல்ஸ் சாப்பாட்டுக்கும் குறைவு. வாயு தலத்தில் வாயுவே வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டது பூஜை போட்டதால்தான் என்று அரிசி மண்டிக்காரர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிச் சொல்லும்போது அந்தக் கால மேஸ்திரிகள் எல்லாரும் தன்வந்திரிகள் என்று படலாம். அதே மேஸ்திரிதான் பக்கத்துத் தெரு ஜீப்பு ஒன்றின் கறுப்புப் புகையைப் பார்த்து "போர் போச்சு" என்று தீர்ப்பு எழுதி, எஞ்சினை இறக்கி, சாக்குமேல் பரப்பினார். சிலிண்டர் போரில் ஒரு கீறல்கூட இல்லை. ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. ஜீப்புக்காரரிடம் அவர் சொன்னது: "எப்படியும் ஒரு நாள் இறக்கவேண்டியதுதானே சார்." இறக்கின கூலியையும் வாங்கிக்கொண்டார். காதுக்கும் கைக்கும் நான் கும்பிடு போடுவேன். காது தவறினால் அதற்கு ரசீது கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

டீசல் பம்ப் விஷயத்தில் மட்டும் மேஸ்திரி வாலைச் சுருட்டிக்கொள்வார். 1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பம்புகள்தான் அன்றைக்கு நாடெங்கும். 2008-இல் அந்தக் கம்பெனி பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஷெட்டுகளில் இன்றும் மைக்கோதான். பம்பின் சீலை உடைத்தால் கேலிபரேஷன் பெஞ்ச் உள்ள இடத்துக்குத்தான் எடுத்துப்போக வேண்டும். "அதுல கை வெச்சா திருப்பதிக்குப் போகணும்ணா" என்பார். அவர் சொன்னது பம்ப் கடைக்கு. அப்பா வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

சஸ்பென்ஷன் கதை வேறு. அதில் நோய்க்குக் காரணமே அப்பா.

பின்பக்கம் கமான் பட்டைகள். மாங்காய்ப் பாரத்துக்கு அவை நேராகிப் படுத்துவிட்டன. நியாயமாகப் பார்த்தால் பட்டைகளை இறக்கி, பட்டறையில் காய்ச்சித் தட்டி வளைவு ஏற்றவேண்டும், அல்லது பாரத்தைக் குறைக்கவேண்டும். அப்பா மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்: இரண்டு பக்கமும் கூடுதல் பட்டை. வண்டி உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஸ்பிரிங் சரியில்லை என்று போனவர், ஸ்பிரிங்காக இருக்கவே முடியாதபடி அதை இரும்புக் கட்டையாக மாற்றிக்கொண்டு வந்தார். அதன் பிறகு காலி வண்டியில் யெர்ப்பேடு போய் வந்தால் எனக்கு மூன்று வேளைச் சாப்பாடும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். பள்ளத்தின் அடியைப் பட்டை வாங்காவிட்டால் சேஸிஸ் வாங்கும். அடுத்த மாங்காய் சீசனுக்குள் சேஸிஸில், பட்டையின் பிராக்கெட் ஏறுகிற இடத்தில், மயிரிழை விரிசல். வெல்டிங். அதற்கடுத்த வருஷம் வெல்டிங் ஓரத்தில் புது விரிசல்.

விரிசல் விஷயத்தில் எங்கள் ஊருக்குத் தனி அனுபவம் உண்டு. கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இரவு இடிந்து விழுந்தது. விரிசல் பெரிதாகிக்கொண்டு போவதைப் பார்த்து முன்கூட்டியே சுற்றி இருந்தவர்களை அப்புறப்படுத்தியதால் உயிர்கள் தப்பின. 2017-இல் புதிய கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆயிற்று. கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டியதைக் கண்ணால்தான் பார்த்துச் சொல்லவேண்டும். கண்ணப்பரின் ஊரில் இதை நான் சொல்லவேண்டியதில்லை.

மேஸ்திரி கமான் பார்க்கும் முறையில் கருவி என்று சொல்ல ஒரு கடப்பாரை, ஒரு சாக்பீஸ், ஒரு துண்டுக் கயிறு. பம்பர் மூலையை முழு எடையோடு அமுக்கி விடுவார். மேலே வந்து ஒரு தடவைக்குள் அடங்கினால் ஷாக் அப்சார்பர் உயிரோடு இருக்கிறது. ஊஞ்சல் ஆடினால் போய்விட்டது. கடப்பாரையைப் பட்டையின் கண்ணில் கொடுத்து நெம்புவார். புஷ் தேய்ந்திருந்தால் 'டக்' என்று ஒரு சத்தம். பட்டைகளின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரே கோடு போட்டு அனுப்பிவைப்பார். மறுநாள் கோடு உடைந்திருந்தால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்கின்றன. கயிறுதான் முக்கியம். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவுக்குக் கயிறு பிடித்து முடிச்சுப் போடுவார். அதே முடிச்சை அடுத்த பக்கம் வைத்துப் பார்ப்பார். எங்கள் வண்டியில் விரற்கடை அளவு வித்தியாசம். பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் உள்ளே அறுந்து, ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருந்தது. வண்டி நேராகப் போவதற்கு ஸ்டீயரிங்கை அப்பா ஏன் எப்போதும் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவோ அது தன் ஓட்டும் ஸ்டைல் என்று நினைத்திருந்தார்.

டயரை அவர் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஒரு திசையில் வழவழ, மறு திசையில் அரம் என்றால் டோ சரியில்லை. மேடு பள்ளமாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். கழித்த பட்டைகளைக் கொல்லரிடம் விற்றுவிடுவார். அவை அரிவாளாகவும் கொடுவாளாகவும் மாறி, எங்கள் பக்கத்துத் தோப்புகளுக்கே திரும்பி வரும்.

இப்போதைய வண்டிக்கு வருகிறேன். இதுவும் பிக்கப்தான், பத்து வயது தாண்டியது. காமன் ரெயில் எஞ்சின். இந்த இடைவெளியில் எங்கள் மாவட்டமும் சும்மா இருக்கவில்லை. தடா பக்கத்து ஸ்ரீசிட்டியில் 2016-இல் இசுசு தொழிற்சாலை தொடங்கி அங்கிருந்து பிக்கப்கள் வருகின்றன. ஒரு காலத்தில் ஒரு ஷேக்கில் புஷ்ஷுக்காக அப்பா ரயிலேறிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனார். இன்று பிக்கப்பையே பக்கத்தில் செய்கிறார்கள். என் வண்டி வேறு இனம். அதன் பெயரை விட்டுவிடுகிறேன்.

ஒருநாள் ஐடிலில் அது நடுங்கத் தொடங்கியது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே எல்லாம் கண்ணாடி. ஏ.சி. அறையில் என்னை உட்காரவைத்து, காபி மெஷினைக் காட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வண்டி. சத்தம் எனக்குக் கேட்காது. வண்டியைத் தொடுகிறவர் என்னோடு பேசமாட்டார்; என்னோடு பேசுகிறவர் வண்டியைத் தொடமாட்டார். டேப்லெட் வைத்திருந்த தம்பி நான் சொன்ன அறிகுறிகள் அனைத்தையும் கவனமாகக் கேட்டுவிட்டு 'வைப்ரேஷன்' என்று ஒரே வார்த்தையை டைப் செய்தார். ஸ்கேனரைச் செருகினார்கள். பழுதைக் குறிக்கும் கோடு வந்தது: பி 0087. எரிபொருள் ரெயிலில் அழுத்தம் குறைவு.

"ஹை பிரஷர் பம்ப் மாத்தணும் சார்."

மதிப்பீட்டுத் தொகை, அப்பா முதல் வண்டியை வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வந்தது.

ஸ்கேனரை நான் குறை சொல்லமாட்டேன். அது பொய் சொல்லவில்லை. ரெயிலில் அழுத்தம் குறைந்தது உண்மை. ஏன் குறைந்தது என்று அதை யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. பம்ப் பலவீனமாகலாம், ரெகுலேட்டர் வால்வு சிக்கலாம், இன்ஜெக்டர்கள் ரிட்டர்ன் வழியாக டீசலை அதிகம் திருப்பி விடலாம், ஃபில்டர் அடைக்கலாம். அல்லது பம்புக்கு முன்னால் உள்ள வழியில் காற்று நுழையலாம். கோடு என்பது புகார் கொடுத்தவரின் பெயர். குற்றவாளியை அதன் பிறகுதான் தேடவேண்டும். இங்கே புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே வைக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பழைய எஞ்சினில் ஒரு சிலிண்டர் சோம்பினால் தெருவுக்கே கேட்கும். காமன் ரெயிலில் கம்ப்யூட்டர் ஐடிலின்போது ஒவ்வொரு சிலிண்டரின் வேகத்தையும் பார்த்து, சோம்பேறிக்கு ஒரு சொட்டு கூட்டி, சுறுசுறுப்பானவனுக்கு ஒரு சொட்டு குறைத்துச் சமன் செய்துவிடுகிறது. நமக்கு எதுவும் தெரியாது. அது சமாளிக்க முடியாமல் கைவிடுகிற அன்றைக்குத்தான் நமக்குத் தகவல். அந்தத் திருத்தக் கணக்கை ஸ்கேனரிலேயே எண்களாகப் பார்க்கலாம். நாலு இன்ஜெக்டருக்கும் பக்கத்தில் நாலு எண். ஒன்று மட்டும் தனியாக எகிறியிருந்தால் ஆள் அகப்பட்டான். கோடு எண்ணை மட்டும் படித்துவிட்டு ஒயரைப் பிடுங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

மேஸ்திரியின் ஸ்பேனர் வித்தையை இதில் காட்டவும் கூடாது. அந்தக் காலத்து நாசில் 120-லிருந்து 250 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயிலில் 1600 பார் வரைக்கும், அதற்கு மேலேயும் போகும். ஓடும் எஞ்சினில் யூனியன் நட்டைத் தளர்த்தினால் கிளம்பும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். கையையே எடுக்கவேண்டி வரலாம். எனவே பழைய கையைப் புது வண்டியிடம் கொண்டுபோகவேண்டாம்; பழைய புத்தியை மட்டும் கொண்டுபோனால் போதும்.

நான் வண்டியைத் திருப்பதியில் ஒரு சின்ன டீசல் லேபுக்குக் கொண்டுபோனேன். முப்பது வயதிருக்கும் பையன். கையில் ஸ்கேனரும் இருந்தது, பிளாஸ்டிக் பாட்டில்களும் இருந்தன. முதலில் ரிட்டர்ன் டெஸ்ட்: நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் டியூப் மாட்டி நாலு பாட்டிலில் விட்டு, ஐடிலில் எது எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்தான். நாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இன்ஜெக்டர் தப்பித்தது. பிறகு ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை இணைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னான். தேன் நிறத்தில் போன டீசலுக்கு நடுவே குமிழ்கள் வரிசையாக ஓடின.

"அங்கிள், ஏர் வாங்குது."

ஃபில்டர் மாற்றும்போது யாரோ ஓ-ரிங்கைத் திருகி உட்காரவைத்திருந்தார்கள். பம்ப் மாற்றியிருந்தாலும் அந்தக் குமிழ் புது பம்புக்குள்ளும் போயிருக்கும். கண்ணாடிப் பக்கம் டப்பா தொங்கவிட்ட மனிதர் இருந்திருந்தால் அந்தப் பையனைத் தத்து எடுத்திருப்பார்.

ஐடில் சரியாகியும் ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம் மிச்சமிருந்தது. அது எஞ்சின் மவுண்ட். ரப்பர் கிழிந்தால் எஞ்சினின் சாதாரண அதிர்வுகூட கேபினுக்குள் ஏறும். ஏ.சி. போட்டால் கூடும், கியரில் நகர்ந்தால் மறையும். இதற்கு எந்தக் கோடும் வராது. ரப்பருக்கு ஒயர் கிடையாது.

சஸ்பென்ஷனுக்கும் அதே கதிதான். பிரேக் போட்டால் பின்பக்கம் 'டங்' என்று கேட்கிறது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "கோடு வரலை சார், பிராப்ளம் இல்லை" என்றார் தம்பி. நான் சத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு லேசர் அலைன்மென்ட் செய்து, பச்சையும் சிவப்புமாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் பச்சை. புஷ் தேய்ந்திருக்கும்போது அலைன்மென்ட் செய்தால் அந்தப் பச்சை அடுத்த வேகத்தடை வரைக்கும்தான். முதலில் ஆட்டம், பிறகு அளவு. இந்த வரிசை கயிறு பிடித்த காலத்திலும் உண்டு, லேசர் காலத்திலும் உண்டு.

நாயுடுபேட்டை ரோடு அகலமாகி வழவழப்பாகிவிட்டதால் கெட்டுப்போன சஸ்பென்ஷனையும் சுகமாக ஓட்டிக்கொண்டு போகலாம். ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்து மாதக்கணக்கானவர்கள்கூட வண்டி 'பட்டு மாதிரி' இருக்கிறது என்கிறார்கள். கேபினுக்குள் சத்தம் வராமல் ரப்பரும் பஞ்சும் அடைத்துக் கொடுக்கிறார்கள். நல்ல பாட்டு கேட்கலாம். ஒரு பேரிங் அரைபடுகிற சத்தம் இவ்வளவையும் தாண்டி நம் காதுக்கு வந்து சேரும்போது பேரிங் என்று சொல்ல அங்கே ஒன்றும் பாக்கி இருக்காது.

என் மகன் ஒரு பழைய பிக்கப் வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாங்குகிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வண்டியை முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் கேள்வி கேளுங்கள், ஏனென்றால் சூடான எஞ்சின் பாதி நோயை மறைக்கும். முதல் ஐந்து நிமிஷம் ஏ.சி.யும் பாட்டும் இல்லாமல் ஐடிலில் விட்டுப் புகையைப் பாருங்கள். ரிட்டர்ன் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்; நாலு பாட்டில் செலவு. கீழே குனிந்து பட்டைகளை எண்ணுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைதானா, பிராக்கெட் ஓரத்தில் வெல்டிங் தழும்பு உண்டா என்று பாருங்கள். பாக்கெட்டில் ஒரு துண்டுக் கயிறு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.